எண்பது பானை ஓடுகள்: நியூட்ரானா, பிளாஸ்மாவா, எக்ஸ்-கதிரா?

போன மாதம் தொல்லியல் ஆய்வு மாணவி ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். கடற்கரையோர அகழாய்வு ஒன்றில் கிடைத்த பானை ஓடுகள் எண்பது அவர் கையில் இருக்கின்றன. அதில் இருபத்தைந்து, உள்பக்கம் குழிக்கோலம் பதித்த ரௌலட்டட் வகை. மிச்சமெல்லாம் உள்ளூர்ச் சரக்கு என்று நினைக்கிறார். எந்த ஓடு எந்த வட்டாரத்துக் களிமண்ணில் செய்தது என்று தனிமங்களின் அளவை வைத்துப் பார்க்க வேண்டும்.

"ஒருத்தர் ஐ.சி.பி.-எம்.எஸ். பண்ணு என்கிறார். இன்னொருத்தர் கையில் பிடிக்கிற எக்ஸ்.ஆர்.எஃப். போதும் என்கிறார். நீங்கள் அணு உலைக்காரர், என்ன சொல்வீர்கள் என்று தெரியும் சார், இருந்தாலும் கேட்கிறேன்" என்றார். ஐ.சி.பி.-எம்.எஸ். என்பது மாதிரியைப் பிளாஸ்மாவில் தெளித்து அயனிகளை எண்ணும் முறை. எக்ஸ்.ஆர்.எஃப். என்பது எக்ஸ்-கதிர் பாய்ச்சித் தனிமம் பார்க்கும் கருவி. உலைக்காரர் வழி நியூட்ரான்.

கடைசி வாக்கியம் கொஞ்சம் குத்தியது. காமாக் கதிர் எண்ணும் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் எல்லாவற்றுக்கும் நியூட்ரான்தான் மருந்து என்பான் என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் அவர் கொண்டுவந்தது பானை ஓடாக இல்லாமல் கிணற்றுத் தண்ணீராக இருந்திருந்தால், உலைப் பக்கமே வராதீர்கள் என்று அரை நிமிடத்தில் சொல்லி முடித்திருப்பேன். ஓடு என்பதால்தான் பேச்சு ஒரு மணி நேரம் நீண்டது. அன்று சொன்னதையும், சொல்ல மறந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் கேள்வியைச் சரியாகப் பிடிக்க வேண்டும். எந்தக் களிமண்ணிலும் சிலிக்கனும் அலுமினியமும் இரும்பும் இருக்கும். அதை அளந்து ஊர் சொல்ல முடியாது. பத்து லட்சத்தில் சில பங்கு மட்டும் இருக்கிற ஸ்கேண்டியம், சீசியம், ஹாஃப்னியம், தோரியம், லாந்தனம் மாதிரியானவைதான் மண்ணின் கைரேகை. அந்தக் கைரேகையிலும் ஒரு ஆற்றங்கரைக்கும் அடுத்த ஆற்றங்கரைக்கும் வித்தியாசம் சில சமயம் பத்து, இருபது சதவீதம்தான் இருக்கும். ஒரே மண்ணெடுத்த குழிக்குள்ளேயே ஐந்து சதவீதம் ஆடும். அளக்கும் கருவியும் தன் பங்குக்கு ஒரு பத்து சதவீதம் ஆடினால் எல்லாம் கலங்கிப் போகும். ஆகவே "எவ்வளவு நுண்ணிய அளவு வரை பார்க்கும்?" என்பது இங்கே இரண்டாவது கேள்வி. எண்பதாவது ஓடும் முதல் ஓட்டைப் போலவே அளக்கப்பட்டதா என்பதுதான் முதல் கேள்வி. கருவி விற்பவர்கள் முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் பேசுவார்கள்.

ரௌலட்டட் ஓடு என்றால் தெரியாதவர்களுக்கு: தட்டின் உள்பக்கத்தில் வட்ட வட்டமாக நுண்ணிய குழிகள் பதித்த, வழவழப்பான, மெல்லிய பாண்டம். 1945இல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டைத் தோண்டிய தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர், இதை மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வந்த சரக்கு என்றே எடுத்துக்கொண்டார். விமலா பெக்லி போன்ற தொல்லியலாளர்கள் பின்னால் அதைக் கேள்வி கேட்டார்கள். 1990களின் தொடக்கத்தில், பாலித் தீவின் செம்பிரானில் கிடைத்த இதே வகை ஓடுகளை அரிக்கமேடு, இலங்கையின் அனுராதபுரம் ஓடுகளோடு பக்கத்தில் வைத்து, கனிமங்களைக் காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவாலும், கீழே சொல்லப்போகும் நியூட்ரான் கிளர்வாலும் ஒப்பிட்டார்கள். ஆயிரக்கணக்கான மைல் தள்ளிக் கிடந்தவை ஒன்றுபோல் இருந்தன. ரோமாபுரியைத் தேடிப் போக வேண்டியதில்லை என்று ஆயிற்று. அந்த மாணவியின் இருபத்தைந்து ஓடும் இந்த வரிசையில்தான் நிற்கப் போகின்றன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

உலைக்குள் போகும் ஓடு

நியூட்ரான் கிளர்வுப் பகுப்பாய்வு என்று முழுப் பெயரையும் யாரும் சொல்வதில்லை, என்.ஏ.ஏ. என்பார்கள். 1936இல் கோபன்ஹேகனில் ஜார்ஜ் டி ஹெவெஷியும் ஹில்டே லெவியும், யிட்ரியம் மாதிரிக்குள் ஒளிந்திருந்த டிஸ்ப்ரோசியத்தை இப்படித்தான் அளந்தார்கள். அன்று உலை கிடையாது, ரேடியமும் பெரிலியமும் கலந்த சின்ன நியூட்ரான் மூலம்தான். நியூட்ரான் அணுக்கருவுக்குள் புகுந்ததும் அது கதிரியக்க ஐசோடோப்பாக மாறுகிறது. பிறகு தனக்கே உரிய ஆற்றலில் காமாக் கதிரை விட்டுவிட்டு அடங்குகிறது. ஆற்றலைப் பார்த்தால் யார் என்று தெரியும். எண்ணிக்கையைப் பார்த்தால் எவ்வளவு என்று தெரியும்.

பானை ஓட்டுக்கும் இதற்கும் முடிச்சுப் போட்டவர் ராபர்ட் ஓப்பன்ஹைமர். 1956 மார்ச்சில் பிரின்ஸ்டனில் தொல்லியலாளர்களையும் வேதியியலாளர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்தார். அடுத்த வருடமே புரூக்ஹேவன் ஆய்வகத்தின் சேயரும் டாட்சனும் பானை ஓடுகளை உலையில் இட்டு முடிவை வெளியிட்டார்கள்.

இன்று இந்த வேலையைப் பெரிய அளவில் செய்யும் இடம் அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழக உலை, 10 மெகாவாட். அவர்கள் நடைமுறை இது. ஒரு ஓட்டுக்கு இரண்டு சிட்டிகைத் தூள், 150 மில்லிகிராம் ஒன்று, 200 மில்லிகிராம் ஒன்று. முதல் சிட்டிகை காற்றுக் குழாய் வழியாக உலைக்குள் பாய்ந்து, சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்கு 80 லட்சம் கோடி நியூட்ரான் பாயும் இடத்தில் 5 நொடி நின்றுவிட்டுத் திரும்பும். 25 நிமிடம் ஆறவிட்டு 12 நிமிடம் எண்ணுவார்கள். அலுமினியம், மாங்கனீஸ், சோடியம், வனேடியம் போன்ற ஒன்பது இதில் வந்துவிடும். இரண்டாம் சிட்டிகை குவார்ட்ஸ் குழாயில் அடைபட்டு 24 மணி நேரம் உள்ளே கிடக்கும். வெளியே எடுத்து 7 நாள் கழித்து அரை மணி நேரம் எண்ணினால் ஆர்சனிக், லாந்தனம், சமேரியம், யுரேனியம் முதலான ஏழு. இன்னும் மூன்று நான்கு வாரம் போட்டுவைத்து இரண்டரை மணி நேரம் எண்ணினால் ஸ்கேண்டியம், கோபால்ட், சீசியம், ஹாஃப்னியம், தோரியம் என்று பதினேழு. ஆக 33 தனிமம்.

எதற்கு இத்தனை காத்திருப்பு? கொஞ்சம் கணக்குப் போட்டால் புரியும். சோடியம்-24இன் அரை ஆயுட்காலம் 15 மணி நேரம். கதிர்வீச்சு முடிந்து வெளியே வந்ததும் அது போடும் கூச்சலில் வேறு எதுவும் கேட்காது. 7 நாளில் அது பதினொரு முறை பாதியாகி, ஏறக்குறைய 2,400இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆர்சனிக்-76க்கு அரை ஆயுள் 26 மணி. அதே 7 நாளில் அது 84இல் ஒரு பங்காகத்தான் குறையும். லாந்தனம்-140, 40 மணிக்காரர், 18இல் ஒரு பங்கு. கூச்சல் போடுகிறவர் களைத்துத் தூங்கும் வரை பொறுத்திருந்து, மெதுவாகப் பேசுகிறவரைக் கேட்பது மாதிரி. வேதியியல் பிரிப்பை நேரமே செய்து தருகிறது. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

ஆனால் இதன் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. தூளைக் கரைக்க வேண்டாம். நியூட்ரான் உள்ளே போவதற்கும் காமா வெளியே வருவதற்கும் 200 மில்லிகிராம் களிமண் ஒரு தடையே இல்லை. தனிமம் எந்தச் சேர்மத்தில் இருந்தாலும், எந்தக் கனிமத்துக்குள் சிறைப்பட்டிருந்தாலும் அணுக்கருவுக்குக் கவலையில்லை. இன்னொன்று பலருக்குத் தோன்றாது: உலையிலிருந்து வெளியே வந்த பிறகு குழாயில் தூசி ஒட்டினாலும், விரல் வியர்வை பட்டாலும் முடிவு மாறாது. அந்தத் தூசிக்குக் கதிரியக்கம் இல்லை, டிடெக்டர் அதைப் பார்க்காது. மற்ற முறைகளில் கடைசி நிமிடம் வரை அசுத்தத்துக்குப் பயப்பட வேண்டும்.

உலைக்கு முன்னால் நடக்கும் தவறுக்கு மட்டும் மன்னிப்பு கிடையாது. நான் கற்றுக்கொண்ட காலத்தில் ஒரு தொகுதி ஓடுகளில் கோபால்ட்டும் டாண்டலமும் எகிறி நின்றன. புதிய மண் வட்டாரத்தையே கண்டுபிடித்துவிட்டோம் என்று இரண்டு நாள் குதித்தோம். கடைசியில் பார்த்தால், ஓட்டின் மேல்தோலைச் சுரண்ட யாரோ டங்ஸ்டன் கார்பைடு துளைமுனையைப் பயன்படுத்தியிருந்தார்கள். அதிலிருந்து வந்த கோபால்ட். அன்று முதல் அகேட் என்னும் கடினக் கல்லில் செய்த கல்வத்தைத் தவிர வேறு எதிலும் நான் ஓடு அரைத்ததில்லை.

பலவீனங்களையும் மறைக்காமல் சொல்கிறேன். ஈயம் இந்த முறைக்குக் கண்ணில் படாது. பாஸ்பரசும் கந்தகமும் அப்படித்தான். யுரேனியம் அதிகமுள்ள மண்ணில், அது பிளந்து தரும் லாந்தனமும் சீரியமும் உண்மையான லாந்தனம், சீரியத்தோடு சேர்ந்துகொள்ளும், கழித்தாக வேண்டும். துத்தநாகத்தின் 1115 கே.இ.வி. (கிலோ எலக்ட்ரான் வோல்ட், கதிரின் ஆற்றல் அலகு) கோடும் ஸ்கேண்டியத்தின் 1120உம் தோளோடு தோள் உரசும். ஜெர்மேனியம் டிடெக்டர் 1332இல் சுமார் 1.8 கே.இ.வி. வரை பிரித்துக் காட்டும் என்பதால் சமாளிக்கலாம். பழைய சோடியம் அயோடைடு படிகத்துக்கு அந்தப் பகுதியில் பல பத்து கே.இ.வி. அகலம், அது இரண்டையும் ஒரே மலையாகத்தான் காட்டும். பானை ஓட்டுக்குச் சோடியம் அயோடைடை யாராவது மலிவு என்று சிபாரிசு செய்தால் கேட்காதீர்கள். அப்புறம், தூள் திரும்பக் கிடைக்காது. கோபால்ட்-60 ஐந்து வருடம், யூரோப்பியம்-152 பதின்மூன்று வருடம் என்று அரை ஆயுள் உள்ளவை அதில் தங்கிவிடும். அது கழிவுக் கணக்கில் சேர்ந்துவிடும்.

பிளாஸ்மாவின் வேகம்

ஐ.சி.பி.-எம்.எஸ். 1980களில் சந்தைக்கு வந்தது. வந்ததிலிருந்து என்.ஏ.ஏ. ஆய்வகங்கள் ஒவ்வொன்றாகக் கடை மூடிக்கொண்டு வருகின்றன. காரணம் வெளிப்படை. மாதிரியை அமிலத்தில் கரைத்து, ஆயிரக்கணக்கான டிகிரி வெப்பத்தில் எரியும் ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் தெளித்து, அயனிகளை நிறை வாரியாக எண்ணுகிறார்கள். ஒரு மாதிரிக்குச் சில நிமிடம். நாற்பது ஐம்பது தனிமம் ஒரே ஓட்டத்தில். ஈயம் உண்டு, நையோபியம் உண்டு, அருமண் வரிசை முழுவதும் உண்டு. என்.ஏ.ஏ. அந்த வரிசையில் லாந்தனம், சீரியம், சமேரியம், யூரோப்பியம் என்று சிலதைத்தான் நன்றாகப் பார்க்கும். பிரேசியோடைமியம், ஹோல்மியம், எர்பியம் எல்லாம் வேண்டுமென்றால் பிளாஸ்மாவிடம்தான் போக வேண்டும்.

தண்ணீர், ரத்தம், சிறுநீர், அரிசி போல எளிதில் கரைவது எதுவானாலும் நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். ஏற்கெனவே கரைந்திருப்பதைக் காயவைத்து உலைக்கு அனுப்புவது வீண் வேலை.

ஓடு கரைவதில்லை, அங்கேதான் சிக்கல். சுட்ட களிமண் சிலிக்கேட். அதை முழுசாகக் கரைக்க ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் வேண்டும். தோலில் பட்டால் முதலில் வலிக்காமலே எலும்பு வரை போகும் சாமான் அது. அதோடு மற்ற அமிலங்களும் சேர்த்து, மைக்ரோவேவ் பாத்திரத்தில் அழுத்தத்தில் வேகவைப்பார்கள். அப்போதும் சிர்க்கான் மணல் மணி ஒன்றிரண்டு அடியில் கிடக்கும். சிர்க்கோனியமும் ஹாஃப்னியமும் அந்த மணிக்குள்தான் உட்கார்ந்திருக்கின்றன. குரோமைட்டும் அப்படியே பிடிவாதம் பிடிக்கும். ஒரு ஓட்டில் மணி முழுசாகக் கரைந்து, அடுத்த ஓட்டில் பாதி கரைந்தால், இரண்டும் வேறு மண் என்று எண்கள் சொல்லும். அது மண்ணின் வித்தியாசமல்ல, அன்றைய சமையலின் வித்தியாசம். கடற்கரையோர மண் வேறு, கனமணல் கலந்திருக்கும். தமிழகக் கடற்கரையின் சிர்க்கானைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்துக்குப் பயந்து நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக்கோடு நிறுத்திக்கொள்ளும் இடங்களும் உண்டு. சுற்றுச்சூழல் மாசு பார்க்க அது போதும். ஓடு எங்கே செய்தது என்று கேட்பதற்குப் போதாது. ஓட்டை எப்படிக் கரைத்தீர்கள் என்று கேட்காமல் ஐ.சி.பி. முடிவு எதையும் கையில் வாங்காதீர்கள் என்று அந்த மாணவியிடம் இரண்டு முறை சொன்னேன்.

லேசரால் சுட்டு ஆவியாக்கி நேரே பிளாஸ்மாவுக்கு அனுப்பும் வழியும் இருக்கிறது. கண்ணாடி மணிக்கும் மேற்பூச்சுக்கும் அற்புதமானது. முரட்டு ஓட்டில் லேசர் விழுந்த புள்ளி களிமண்ணா மணலா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

கையில் பிடிக்கும் துப்பாக்கி

எக்ஸ்.ஆர்.எஃப். கன்னைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஓட்டை உடைக்க வேண்டாம், அரைக்க வேண்டாம். அகழாய்வுக் குழியின் கரையிலேயே வைத்து இரண்டு நிமிடம் அழுத்தினால் திரையில் எண்கள் வந்துவிடும். அப்சிடியன் என்கிற எரிமலைக் கண்ணாடிக்கு இதைவிட வேறு எதுவும் வேண்டாம். ரூபிடியம், ஸ்ட்ரான்சியம், யிட்ரியம், சிர்க்கோனியம், நையோபியம் ஐந்துமே அதன் எரிமலையைக் காட்டிக் கொடுத்துவிடும். கண்ணாடி எங்கும் ஒரே சீராக இருப்பதால் எங்கே வைத்து அழுத்தினாலும் ஒன்றுதான்.

பானை ஓடு அப்படியல்ல. அதிலிருந்து கிளம்பும் எக்ஸ்-கதிர் மெல்லிய மேல்படலத்திலிருந்துதான் வெளியே வந்து சேரும். இரும்பு போன்றவற்றுக்கு அது ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். அந்தப் படலத்தில் இருப்பது பூசிய குழம்பு, இரண்டாயிரம் வருடம் மண்ணுக்குள் கிடந்து ஊறிய உப்பு, கழுவியும் போகாத சுண்ணாம்பு. ரௌலட்டட் ஓட்டுக்கு அந்த வழவழப்பான மேற்பரப்புதானே அழகே! அதைக் கன் அளக்கும், உள்ளிருக்கும் மண்ணை அளக்காது. மேலும் ஸ்கேண்டியம், சீசியம், ஹாஃப்னியம், யூரோப்பியம் என்று நமக்குத் தேவையான கைரேகைக்காரர்கள் பெரும்பாலும் இதில் பிடிபடமாட்டார்கள். இதில் எண்கள் சுலபமாக வருகின்றன. அதனாலேயே நம்பவும் தோன்றுகிறது. இந்த மூன்றில் அதிகம் தவறாகப் பயன்படுவது இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஆர்சனிக் என்னும் உரைகல்

மூன்று முறைகளின் குணத்தையும் ஒரே தனிமத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஆர்சனிக்கை எடுத்துக்கொள்ளலாம். மூன்றுமே அதில் இடறும், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கல்லில்.

எக்ஸ்.ஆர்.எஃப்.இல் ஆர்சனிக்கின் முக்கியக் கோடு 10.54 கே.இ.வி. ஈயத்தின் கோடு 10.55. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று. ஈயம் கலந்த மண்ணில் அரைகுறையாகப் பார்க்கிறவருக்கு ஆர்சனிக் கொட்டிக் கிடப்பதாகத் தெரியும். ஐ.சி.பி.-எம்.எஸ்.இல் ஆர்சனிக்கின் நிறை 75. பிளாஸ்மாவின் ஆர்கான் 40, உப்பிலிருந்தோ அமிலத்திலிருந்தோ வந்த குளோரின் 35, இரண்டும் ஒட்டிக்கொண்டால் அதுவும் 75. உப்பு மாதிரியில் ஆர்சனிக் இல்லாமலே ஆர்சனிக் தெரியும். இப்போதுள்ள கருவிகளில் ஹீலியம் அறை வைத்து இந்த ஒட்டுண்ணியைத் தடுக்கிறார்கள், தடுத்ததா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். என்.ஏ.ஏ.இல் ஆர்சனிக் 559 கே.இ.வி.இல் பேசும். பக்கத்திலேயே 554இல் புரோமின், 564இல் ஆன்டிமனி. கடல் சார்ந்த மாதிரியில் புரோமின் நிறைய இருக்கும். ஆனால் மூன்று கோடும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிகின்றன. மூன்றுக்கும் அரை ஆயுள் வேறு வேறு என்பதால், நாளை மறுபடி எண்ணினால் யார் எவ்வளவு வேகத்தில் தேய்கிறார் என்று பிடித்துவிடலாம்.

தவறு மூன்றிலும் நடக்கும். என்.ஏ.ஏ.இல் தவறு நடந்தால் அது நிறமாலையிலேயே எழுதியிருக்கும், படிக்கத் தெரிந்தால் போதும். பத்தாயிரம் எண்ணிக்கை கிடைத்தால் அதன் வர்க்கமூலம் நூறு, ஆகவே பிழை ஒரு சதவீதம் என்று காகிதத்தில் எழுதிக் காட்டலாம். அளவியல் நிறுவனங்கள் சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருள்களின் மதிப்பைச் சரிபார்க்க இன்னும் இதை விட்டுவிடாததற்கு இதுவே காரணம்.

அதற்காக எண் துல்லியமாக இருந்துவிட்டால் முடிவும் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் துப்பாக்கிக் குண்டின் ஈயத்தை ஒப்பிடும் வழக்கம் பல பத்தாண்டு நீதிமன்றங்களில் ஓடியது. தொடக்கத்தில் நியூட்ரான் கிளர்வு, பிறகு பிளாஸ்மா. ஈயம் நியூட்ரானுக்குக் கண்ணில் படாது என்றேனே, அதனாலேயே அதற்குள் இருக்கும் ஆன்டிமனி அழகாகத் தெரியும். அளவு சரி. ஆனால் "இந்தக் குண்டும் அந்தக் குண்டும் ஒரே பெட்டி" என்று சொன்னது தவறு. ஒரே உருக்கலில் லட்சக்கணக்கான குண்டு பிறக்கும், வேறு உருக்கலிலும் அதே கலவை வரலாம். 2004இல் தேசிய ஆராய்ச்சிக் குழு இதை விளக்கி அறிக்கை கொடுத்தது. 2005இல் எஃப்.பி.ஐ. அந்தச் சோதனையையே நிறுத்திவிட்டது. பானை ஓட்டுக்கும் இது அப்படியே பொருந்தும். இரண்டு ஓட்டின் எண்கள் ஒத்துப்போனால், ஒரே மண் "இருக்கலாம்". ஒத்துப்போகாவிட்டால்தான் கொஞ்சம் தைரியமாகப் பேசலாம். அதனால்தான் அந்தப் பெண்ணிடம், ஓடு எண்பது இருக்கட்டும், அகழாய்வு இடத்தைச் சுற்றிக் களிமண் எத்தனை எடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். மறுமுனையில் மௌனம்.

கையில் எது கிடைக்கும்

புத்தகத்தில் எது சிறந்தது என்பதைவிட, எது கதவைத் திறக்கும் என்பது பெரிய கேள்வி. மிசூரிக்கு அனுப்பலாமே என்றார் மாணவி. நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை அரசு அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக 1972ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. அரைத்த தூளுக்கும் அனுமதி கேட்டு நடப்பதுதான் பத்திரம். அதற்குள் ஆய்வுக் காலம் முடிந்துவிடும்.

நம் பக்கத்திலேயே கல்பாக்கத்தில் காமினி உலை இருக்கிறது. 1996 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது, யுரேனியம்-233 எரிபொருளில் ஓடுவது. வெறும் 30 கிலோவாட். மிசூரியோடு ஒப்பிட்டால் முந்நூறில் ஒரு பங்குதான், ஆனால் நியூட்ரான் அடர்த்தி அந்த அளவுக்குக் குறைந்துவிடுவதில்லை. நியூட்ரான் படமெடுப்பும் கிளர்வுப் பகுப்பாய்வும் அதன் பிறவிப் பணிகள். மும்பை டிராம்பேயில் 100 மெகாவாட் துருவா உலையும், 2018இல் புதுப்பிறவி எடுத்த அப்சராவும் உண்டு. பல்கலைக்கழகத்துக்காரர்கள் இந்தக் கதவுகளைத் தட்டுவதற்கென்றே பல்கலைக்கழக மானியக் குழுவும் அணுசக்தித் துறையும் சேர்ந்த யு.ஜி.சி.-டி.ஏ.இ. கூட்டமைப்பு இருக்கிறது, அதன் கிளை ஒன்று கல்பாக்கத்திலேயே. விண்ணப்பம், ஒப்புதல், உலை ஓடும் நாள், எண்ணும் முறை வரிசை என்று மாதக் கணக்கில் போகும். அனுராதபுரத்து ஓட்டை வைத்திருப்பவருக்கு இதுவும் இல்லை. இலங்கையில் ஆய்வு உலை கிடையாது, எங்கே போனாலும் கடல் தாண்டித்தான் போக வேண்டும்.

உலைக் கதவு திறந்ததும் இன்னொரு சின்னத் தேர்வு வரும். ஒவ்வொரு தனிமத்துக்கும் அளவு தெரிந்த ஒப்பீட்டுப் பொருளைக் கூடவே வைத்து எண்ணுவதா, அல்லது தங்கக் கம்பி ஒன்றை மட்டும் வைத்து மற்றதைக் கணக்கில் எடுக்கும் கே-சுழி முறையா என்று கேட்பார்கள். கே-சுழி 1975இலிருந்து இருக்கிறது, எதிர்பாராத தனிமம் தலைகாட்டினாலும் அளவு சொல்லும், நேர்த்தியானது. ஆனால் உலையின் நியூட்ரான் குணத்தைக் கச்சிதமாக அளந்து வைத்திருக்கிற இடத்தில் மட்டுமே. மற்றவர்களின் பழைய எண்களோடு ஒப்பிட வேண்டியிருப்பதால் நமக்கு ஒப்பீட்டு முறையே நல்லது. மிசூரியில் நிலக்கரிச் சாம்பலால் ஆன அமெரிக்க ஒப்பீட்டுப் பொருளைத்தான் வைக்கிறார்கள். அதே பொருளை நாமும் வைத்தால் நம் அட்டவணையை அவர்கள் அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டலாம்.

இங்கேதான் செம்பிரான் ஓடுகள் திரும்ப வருகின்றன. கருவி மாறினாலும் ஆள் மாறினாலும், ஒரே ஒப்பீட்டுப் பொருளில் கட்டிய என்.ஏ.ஏ. எண்கள் முப்பது நாற்பது வருடம் கழித்தும் ஒன்றோடொன்று பேசும். பானை ஓடுகளில் பயின்ற அந்தக் கைதான் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில் வேதியியலாளர்கள் ஃபிராங்க் அசாரோவுக்கும் ஹெலன் மிஷலுக்கும் உதவியது. இத்தாலியின் குபியோ களிமண் படலத்தில் இரிடியம் வழக்கத்தைவிட முப்பது மடங்கு உயர்ந்திருப்பதை அவர்கள் எண்ணிக் காட்டினார்கள். 1980இல் ஆல்வரெஸ் தந்தை-மகனோடு சேர்ந்து அவர்கள் வெளியிட்டதுதான் டைனோசர்களின் முடிவுக்கு விண்கல் காரணம் என்ற வாதம். நூறு கோடியில் ஒன்பது பங்கு சமாசாரம் அது. இரிடியம்-192இன் அரை ஆயுள் 74 நாள், அவசரப்பட்டிருந்தால் கிடைத்திருக்காது.

சரி, எண்பது ஓட்டுக்கு என்ன முடிவு? ஒரே முறையில் எல்லாவற்றையும் போட வேண்டாம் என்றேன். கன் யாரிடமாவது இரவல் கிடைத்தால் எண்பதையும், மேற்பூச்சில் அல்ல, புதிதாக உடைத்த விளிம்பில் வைத்துப் பாருங்கள். அதை முடிவாக எழுதாதீர்கள், கூட்டம் பிரிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரௌலட்டட் இருபத்தைந்தும், உள்ளூர் ஓட்டில் நன்றாகத் தெரிந்தெடுத்த இருபதும், இனிமேல் எடுக்கப்போகிற களிமண் பத்தும் நியூட்ரானுக்குப் போகட்டும். ஐம்பத்தைந்து மாதிரிக்கு மூன்றாவது எண்ணலே 137 மணி நேரம், ஒரு டிடெக்டரை ஆறு நாள் நம் பேருக்கு விட வேண்டும், அதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். அதில் எட்டை மட்டும் முழுக் கரைப்போடு ஐ.சி.பி.க்கும் கொடுங்கள். ஈயமும் விட்டுப்போன அருமண்களும் அங்கே கிடைக்கும். இரண்டு முறையிலும் ஹாஃப்னியம் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் கரைப்பின் யோக்கியதையும் தெரிந்துவிடும். ஆறு மாதத்தில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டிய நிலையில் நீங்கள் இருந்திருந்தால் உலையை மறந்துவிட்டு, நல்ல கரைப்பு செய்யும் ஐ.சி.பி. ஆய்வகத்தைத் தேடச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு இரண்டு வருடம் இருக்கிறது.

"தூள் திரும்பி வராது என்றீர்களே சார், எவ்வளவு எடுத்து வைக்க?" என்று கேட்டார்.

ஓட்டை அரைப்பதற்கு முன்னால் இரண்டு பக்கமும் படம் எடுத்து, பாதியை உடைத்து, எண் எழுதிய உறையில் போட்டு வையுங்கள். அரைப்பது மற்றப் பாதியை மட்டும் என்றேன். அப்புறம் ஞாபகம் வந்து, கல்வம் அகேட் தானா என்று கேட்டேன். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.